தூரம் ÷ வேகம் = அமேலியா

ஏதாவது இரண்டு சின்ன ஊர் விமான நிலையங்களின் பெயரை நெட்டில் தட்டிப் பாருங்க. அரை நொடியில் விடை வந்துவிடும். தூரம் இத்தனை கி.மீ., பறக்கும் நேரம் இத்தனை மணி இத்தனை நிமிடம். பின்னால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால், பூமி உருண்டையின் மேல் உள்ள மிகக் குறுகிய பாதையின் நீளம் கிடைக்கும். அதை மணிக்கு 800 கி.மீ. மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டினால் கதை முடிந்தது. முதல் வருஷ பைத்தான் லேபில் நீங்களே எழுதிவிடலாம்.

ஆனால் ஒரு காலத்தில் இந்த வகுத்தல் கணக்கின் விடையைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. யாராவது ஏறிப் பறந்து பார்க்க வேண்டும். விடை தப்பாக இருந்தால் கீழே கடல். அந்தக் கணக்கை வாழ்க்கை முழுக்கப் போட்டுப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: அமேலியா இயர்ஹார்ட். காணாமல் போனவர் என்ற ஒரு வரிதான் நம்மில் பலருக்குத் தெரியும். காணாமல் போவதற்கு முன்னால் அவர் என்ன செய்தார், கடைசியில் எங்கே கணக்கு இடறியது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், வாங்க.

பத்து டாலர், பத்து நிமிடம்

அமேலியா பிறந்தது 1897 ஜூலை 24-ஆம் தேதி, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற சின்ன ஊரில், அம்மாவின் அப்பா வீட்டில். தாத்தா ஓய்வு பெற்ற நீதிபதி, வசதியான குடும்பம். அமேலியாவும் தங்கை மியூரியலும் மரம் ஏறுவது, எலி வேட்டை, பனிச்சறுக்கு என்று ஆண் பிள்ளைகள் மாதிரியே வளர்ந்தார்கள். 1904-இல், ஏழு வயதில், ஒரு கண்காட்சியில் ரோலர் கோஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து பலகையைச் சாய்த்து தானே ஒன்று கட்டினார். மரப்பெட்டிதான் வண்டி. முதல் ஓட்டத்திலேயே பெட்டி உடைந்தது, உதட்டில் அடி. ஆனால் ஆள் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார்.

இதை வைத்து, பிறவியிலேயே விமானப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடாதீங்க. பத்து வயசு வாக்கில் ஒரு பொருட்காட்சியில் முதன்முதலாக விமானத்தைப் பார்த்தபோது அவருக்கு அது பிடிக்கவே இல்லை. கம்பியும் மரமுமாக ஏதோ ஒரு ஓட்டை வண்டி என்றுதான் தோன்றியது.

வீட்டு நிலைமையும் லேசாக இல்லை. அப்பா எட்வின் ரயில்வே கம்பெனிக்கு வேலை பார்த்த வக்கீல். குடிப்பழக்கத்தால் வேலை போனது. ஊர் ஊராகக் குடும்பம் மாறியது. 1917 கிறிஸ்துமஸுக்கு கனடாவின் டொராண்டோவில் படித்துக்கொண்டிருந்த தங்கையைப் பார்க்கப் போன அமேலியா, முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களைத் தெருவில் பார்த்தார். படிப்பை விட்டுவிட்டு அங்கேயே ராணுவ மருத்துவமனையில் உதவிச் செவிலியராகச் சேர்ந்தார். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான படிப்பில் சேர்ந்து அதையும் பாதியில் விட்டார். இருபத்து மூணு வயசு வரைக்கும் எதில் நிலைப்பது என்று தெரியாமல் திண்டாடிய ஆள்தான். உங்களில் யாருக்காவது தெரிந்த நிலைமை மாதிரி இருக்கா?

1920 டிசம்பர் 28. கலிஃபோர்னியாவின் லாங் பீச். அப்பா பத்து டாலர் கட்ட, ஃபிராங்க் ஹாக்ஸ் என்ற விமானி அமேலியாவைப் பத்து நிமிடம் மேலே கூட்டிக்கொண்டு போனார். தரையை விட்டுச் சில நூறு அடி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டார், பறக்கணும் என்று. அடுத்த வாரமே நீட்டா ஸ்னூக் என்ற பெண் பயிற்சியாளரிடம் பாடம் ஆரம்பம். காசுக்கு டெலிஃபோன் கம்பெனி வேலை, ஃபோட்டோ எடுக்கிற வேலை, லாரி ஓட்டுகிற வேலை என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். சேர்த்த பணத்தோடு வீட்டிலும் உதவி வாங்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கின்னர் ஏர்ஸ்டர் வாங்கினார். 1922 அக்டோபரில் அதில் 14,000 அடி உயரம் ஏறினார். அன்றைக்கு அது பெண்களுக்கான சாதனை. 1923-இல் சர்வதேச விமானி உரிமம்.

ஆனால் பணம் தீர்ந்தது. விமானத்தை விற்றார். பாஸ்டனுக்குப் போய், புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற சமூக சேவகி ஆனார். பறப்பது வார இறுதிப் பொழுதுபோக்கு மட்டும்.

20 மணி 40 நிமிடம்

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டினார். உடனே அடுத்த கேள்வி: தாண்டப்போகிற முதல் பெண் யார்? ஏமி கெஸ்ட் என்ற பணக்காரப் பெண்மணி தானே போக ஆசைப்பட்டார், வீட்டில் விடவில்லை. அப்படியென்றால் எனக்குப் பதிலாகப் பொருத்தமான ஒரு பெண்ணைத் தேடுங்கள் என்று சொல்லிவிட்டார். தேடல் பாஸ்டனில் இருந்த அமேலியாவிடம் வந்து நின்றது. தேடியவர்களில் ஒருவர் ஜார்ஜ் புட்னம் என்ற பதிப்பாளர். பின்னால், 1931-இல், அமேலியா திருமணம் செய்துகொண்டவர்.

விமானத்தின் பெயர் ஃபிரெண்ட்ஷிப். தண்ணீரில் இறங்கும்படி மிதவைகள் பொருத்திய ஃபோக்கர். விமானி வில்மர் ஸ்டல்ட்ஸ், மெக்கானிக் லூயி கார்டன். அமேலியா? பயணி மட்டுமே. ஸ்டீயரிங் பக்கமே அவருக்கு வேலை இல்லை.

புறப்பட்ட இடம் கவனிங்க. நியூயார்க் இல்லை. நியூஃபவுண்ட்லாந்து தீவின் ட்ரெபாசி என்ற மீனவ ஊர். ஏன்? உலக உருண்டை ஒன்று கையில் இருந்தால் ஒரு நூலை வைத்து அளந்து பாருங்க. வட அமெரிக்காவில் ஐரோப்பாவுக்கு மிக நெருக்கமாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது நியூஃபவுண்ட்லாந்துதான். அந்தக் காலத்து எரிபொருள் தொட்டிக்கு ஒவ்வொரு நூறு கிலோமீட்டரும் பெரிய விஷயம். அதனால்தான் பெயரே கேள்விப்படாத சின்னச் சின்ன ஊர்கள் எல்லாம் விமான வரலாற்றில் இடம் பிடித்தன.

அங்கே காற்றுக்காகவும் கடலுக்காகவும் ஏறக்குறைய இரண்டு வாரம் காத்துக் கிடந்தார்கள். எரிபொருள் நிரம்பிய விமானம் தண்ணீரை விட்டு எழும்பவே மறுத்தது. கடைசியில் 1928 ஜூன் 17 அன்று கிளம்பி, மேகத்துக்குள்ளேயும் மூடுபனியிலும் பறந்து, எரிபொருள் தீரப்போகிற நேரத்தில் ஒரு கரையைப் பார்த்து இறங்கினார்கள். அது அயர்லாந்து என்று நினைத்தார்கள். உண்மையில் வேல்ஸ் நாட்டின் பர்ரி போர்ட். அதுவும் ஒரு சின்ன ஊர்தான். எடுத்த நேரம் 20 மணி 40 நிமிடம்.

ஊரே கொண்டாடியது. நியூயார்க்கில் காகித மழை பொழிந்து ஊர்வலம். ஆனால் அமேலியாவுக்கு உள்ளுக்குள் உறுத்தல். ஓட்டியது ஸ்டல்ட்ஸ், தான் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி பின்னால் கிடந்தோம் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கும் பறந்த நேரத்தையே, 20 மணி 40 நிமிடம் என்று, தலைப்பாக வைத்தார். வராத பெருமையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, குரூப் ப்ராஜெக்டில் பெயர் மட்டும் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்த நமக்குத் தெரியும். அவர் அந்தக் கடனை அடைக்க நான்கு வருஷம் எடுத்துக்கொண்டார்.

14 மணி 56 நிமிடம்

இடைப்பட்ட காலத்தில் சும்மா இல்லை. 1929-இல் அமெரிக்காவின் குறுக்கே நடந்த பெண்கள் விமானப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அதே வருஷம் பெண் விமானிகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். சேர்ந்தவர்கள் 99 பேர், அதனால் பெயரும் நைன்ட்டி-நைன்ஸ். அதன் முதல் தலைவர் அமேலியா. சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

1932 மே 20. லிண்ட்பெர்க் கிளம்பி சரியாக ஐந்து வருஷம். இந்த முறை இடம் ஹார்பர் கிரேஸ், அதுவும் நியூஃபவுண்ட்லாந்துதான். 1927-இல் அந்த ஊர் மக்களே பாறையையும் புதரையும் அகற்றி அமைத்த ஓடுபாதை அங்கே இருந்தது. சிவப்பு நிற லாக்ஹீட் வேகா, ஒரே ஒரு எஞ்சின், ஒரே ஒரு ஆள். சாப்பாட்டுக்குத் தக்காளி ஜூஸ். சாயங்காலம் 7 மணிக்கு மேல் கிளம்பினார். குறி பாரிஸ்.

இனிமேல் நடந்ததை ஒரு ஃபெயிலியர் லிஸ்ட் மாதிரி படிங்க. சில மணி நேரத்தில் உயரமானி வேலை செய்யவில்லை. அதாவது இருட்டில் கடலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. அடுத்து, எஞ்சினின் புகைக்குழாய் இணைப்பில் வெல்டிங் விரிசல் விட்டு, அதன் வழியாக நெருப்பு நாக்கு வெளியே தெரிந்தது. மேலே ஏறினால் இறக்கையில் பனிக்கட்டி படிந்து விமானம் சுழன்று கீழே விழுந்தது. அலைகளின் வெள்ளை தெரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் மீட்க முடிந்தது. கீழே போனால் மூடுபனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கைப் பிடித்துக்கொண்டே பறந்தார். இதெல்லாம் போதாதென்று எரிபொருள் அளவுமானியிலிருந்து பெட்ரோல் கசிந்து கழுத்தில் சொட்டியது. பக்கத்தில்தான் அந்த நெருப்பு.

விடிந்ததும் பாரிஸ் கணக்கை விட்டுவிட்டார். முதலில் தெரிகிற நிலத்தில் இறங்குவது என்று முடிவு. அயர்லாந்தின் கரை தெரிந்தது. விமான நிலையம் கிடைக்குமா என்று ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே போனார். கிடைக்கவில்லை. வட அயர்லாந்தில் டெர்ரி நகரத்துக்குப் பக்கத்தில், குல்மோர் என்ற இடத்தில், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த புல்வெளியில் இறக்கினார். 14 மணி 56 நிமிடம். அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய முதல் பெண். லிண்ட்பெர்க்குக்குப் பிறகு இரண்டாவது ஆள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தூரம் சுமார் 3,260 கி.மீ. 14 மணி 56 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு சுமார் 218 கி.மீ. வேகா அதைவிட வேகமாகப் போகக்கூடிய வண்டி. மீதி வேகம் எங்கே போனது? ஏறி இறங்கியதில், புயலைச் சுற்றியதில், பனியோடு மல்லுக்கட்டியதில் போனது. வகுத்து வருகிற அந்த ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் சிறப்புப் பறத்தல் சிலுவை என்ற விருதை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது.

ரேடியோ வேலை செய்த நாள்

1935 ஜனவரியில் இன்னொரு கடல். ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்கு, பசிபிக்கின் மேல் சுமார் 3,875 கி.மீ. தனியாகப் பறந்தார். அதற்கு முன் யாருமே, ஆணோ பெண்ணோ, தனியாகச் செய்யாத பயணம் அது. 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இந்த முறை அவர் விமானத்தில் பேசவும் கேட்கவும் கூடிய ரேடியோ இருந்தது. ஹோனலூலு வானொலியில் பாட்டுக் கேட்டார். கணவரின் குரலும் அதிலேயே வந்தது. அட்லாண்டிக் பயணத்தோடு ஒப்பிட்டால் இது அமைதியான இரவு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

அதே வருஷம் நம்ம மாதிரி ஆட்களுக்கு நெருக்கமான ஒரு வேலைக்கு வந்தார். இண்டியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம் அவரை மாணவிகளுக்கு வழிகாட்டியாகவும் விமானத் துறைக்கு ஆலோசகராகவும் அழைத்தது. வருகிற நாட்களில் மாணவிகள் விடுதியிலேயே தங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து பேசுவார். அன்றைக்குப் பெண்கள் எஞ்சினியரிங் படிப்பதே அதிசயம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பொழுதுபோக்கு என்றில்லாமல், ஒரு தொழிலாக யோசிக்கச் சொன்னார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் திரட்டிய நிதியில்தான் லாக்ஹீட் எலக்ட்ரா 10-ஈ வந்தது. இரட்டை எஞ்சின், ஒவ்வொன்றும் 600 குதிரைத்திறன். பயணிகள் உட்கார வேண்டிய இடம் முழுக்க எரிபொருள் தொட்டிகள். 1936 ஜூலை 24, அவருடைய 39-ஆவது பிறந்தநாளில் கைக்கு வந்தது. திட்டம்: பூமியைச் சுற்றுவது. அதற்கு முன்பும் சிலர் சுற்றியிருந்தார்கள், ஆனால் வடக்கே குறுகிய வட்டத்தில். இவர் எடுத்தது நிலநடுக்கோட்டை ஒட்டிய நீண்ட பாதை, சுமார் 47,000 கி.மீ.

லேயிலிருந்து ஹவ்லண்ட்

முதல் முயற்சி 1937 மார்ச்சில், மேற்கு நோக்கி. ஹவாய் வரை சரியாகப் போனது. அங்கிருந்து கிளம்பும்போது ஓடுபாதையிலேயே விமானம் நிலைதடுமாறிச் சுழன்று சக்கரம் உடைந்தது. அந்தப் பயணத்தில் மோர்ஸ் தந்தி நன்றாகத் தெரிந்த ஹாரி மானிங் என்பவரும் இருந்தார். பழுது பார்க்கும் இடைவெளியில் அவர் விலகினார். இரண்டாவது முயற்சியில் இருந்தது இரண்டே பேர்: அமேலியாவும் ஃப்ரெட் நூனனும். நூனன் லேசுப்பட்ட ஆள் இல்லை; பசிபிக்கில் பயணிகள் விமானப் பாதைகள் போடப்பட்டபோது நேவிகேட்டராக இருந்தவர். சூரியனையும் நட்சத்திரங்களையும் வைத்து இடம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் இருவருமே மோர்ஸில் தேர்ந்தவர்கள் இல்லை.

இந்த முறை கிழக்கு நோக்கி. ஜூன் 1 அன்று மயாமியை விட்டு, தென் அமெரிக்கா, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, செங்கடல் என்று தாவித் தாவி வந்தார்கள். ஜூன் 15 கராச்சி. ஜூன் 17 கல்கத்தா, டம்டம் விமான நிலையம். அது தென்மேற்குப் பருவக்காற்று இறங்குகிற நேரம். ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ஓடுபாதை சேறாகிவிட்டது; அதிலிருந்துதான் மறுநாள் கிளம்பினார்கள். பர்மாவின் அக்யாபைத் தாண்டியதும் மழை அடித்த அடியில் முன்னே போக முடியாமல் திரும்பி வந்து, மறுநாள்தான் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள். வரைபடத்தில் அது ஒரு விரல்கடை தூரம்.

ஜூன் 29 அன்று நியூ கினியின் லே. தங்கச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிப் போவதற்காக உருவான சின்ன ஊர். ஓடுபாதையின் நீளம் சுமார் 900 மீட்டர், தார் இல்லை, முடிகிற இடத்தில் கடல். அதுவரை சுமார் 35,000 கி.மீ. முடிந்திருந்தது. மிச்சம் பசிபிக் மட்டும். அதில் முதல் தாவல் ஹவ்லண்ட் தீவு.

ஹவ்லண்ட் நம்ம கேம்பஸ் மாதிரி ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்க. நீளம் சுமார் இரண்டரை கி.மீ., அகலம் ஒரு கி.மீ.க்கும் குறைவு, உயரம் ஏறக்குறைய 6 மீட்டர். மரம் இல்லை, மலை இல்லை. இவர் இறங்குவதற்கென்றே அமெரிக்க அரசு அங்கே ஓடுபாதைகள் போட்டிருந்தது. கரையோரம் இட்டாஸ்கா என்ற கடலோரக் காவல் கப்பல் ரேடியோவோடு காத்திருந்தது.

லேக்கும் ஹவ்லண்டுக்கும் நடுவே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் சுமார் 37 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 4,100 சொச்சம் வரும். அவர்கள் போட்ட கணக்கு 4,113 கி.மீ. மணிக்கு 240 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம் சொச்சம். எரிபொருளை எந்த உயரத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தவர் லாக்ஹீட்டின் இளம் எஞ்சினியர் கெல்லி ஜான்சன். பின்னாளில் எஸ்ஆர்-71 விமானத்தை வடிவமைத்தவர். அதனால் தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இப்போது தாளில் வராததைப் பார்ப்போம்.

ஒன்று, காற்று. விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. தரையைப் பொறுத்தது இல்லை. எதிரே மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் 240 என்பது 200 ஆகிவிடும். 17 மணி என்பது இருபதரை மணி ஆகிவிடும். எரிபொருள் மட்டும் கூடாது.

இரண்டு, திசை. ஒரே ஒரு பாகை விலகினால் 4,113 கி.மீ. முடிவில் நீங்க நிற்கிற இடம் தீவிலிருந்து சுமார் 72 கி.மீ. தள்ளி.

மூன்று, கடிகாரம். பூமி 4 விநாடியில் ஒரு கலை அளவு சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது 1.85 கி.மீ. நூனனின் கடிகாரம் 4 விநாடி தப்பினால் அவர் கணக்கிடுகிற இடம் கிட்டத்தட்ட இரண்டு கி.மீ. தப்பும். அதனால்தான் லேயில் ரேடியோவில் நேரச் சமிக்ஞை சரியாகக் கிடைக்கும் வரை கிளம்பாமல் காத்திருந்தார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் அவசரப்படவில்லை.

நான்கு, ரேடியோ. எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும் கடைசி சில பத்து கிலோமீட்டருக்குக் கப்பலின் ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத்தான் நெருங்க முடியும். லேயில் அந்தத் திசைகாட்டும் கருவியைச் சோதித்தபோது சரியாகத் திசை காட்டவில்லை. நிலையம் ரொம்பப் பக்கத்தில் இருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

அந்த நான்காவதை இன்னொரு தடவை படிங்க.

1937 ஜூலை 2, லே நேரம் காலை 10 மணி. 4,000 லிட்டருக்கும் மேலான எரிபொருளோடு எலக்ட்ரா அந்தக் குட்டை ஓடுபாதையின் முனை வரை ஓடி, கடலின் மேல் தாழ்ந்து, அப்புறம் மெதுவாக ஏறியது. ராத்திரி முழுக்கப் பயணம். தேதிக்கோட்டைத் தாண்டிப் போவதால் ஹவ்லண்டில் விடிந்தபோதும் அதே ஜூலை 2-தான்.

விடியற்காலையில் இட்டாஸ்காவில் அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது; நேரம் ஆக ஆக இன்னும் பலமாகக் கேட்டது. ஆனால் கப்பல் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. திசை கண்டுபிடிக்க அவர் கேட்ட அலைவரிசை 7500 கிலோ ஹெர்ட்ஸ். கப்பல் அதில் அனுப்பியது. அது மட்டும் அவர் காதில் விழுந்தது. ஆனால் அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் அவருடைய கருவியால் திசை பிரித்துச் சொல்ல முடியவில்லை. கப்பல் கேட்டது ஒன்று, அவர் எதிர்பார்த்தது இன்னொன்று. நேரக் கணக்கில்கூட அவர் கிரீன்விச் நேரம், கப்பல் அரை மணி வித்தியாசம் வருகிற வேறொரு நேரம். கப்பல் கரும்புகை விட்டுப் பார்த்தது.

கிளம்பி 19 மணி 12 நிமிடம் ஆனபோது, உங்கள் மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைப் பார்க்க முடியவில்லை, எரிபொருள் குறைந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் செய்தி வந்தது. 4,113-ஐ அந்த நேரத்தால் வகுங்க. மணிக்கு சுமார் 214 கி.மீ. அவருடைய கணக்குப்படி வந்து சேர்ந்தாகிவிட்டது. தீவைத்தான் காணோம்.

கடைசியாகத் தெளிவாகக் கேட்ட செய்தி 20 மணி 13 நிமிடத்தில். 157–337 என்ற கோட்டில் வடக்கும் தெற்குமாகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். அது சூரிய உதயத்தை வைத்து நூனன் போட்ட கோடு. சூரியன் 67 பாகையில் உதித்தது. அதற்குச் செங்குத்தாக 157–337. அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறோம் என்று மட்டும் அது சொல்லும். கோட்டில் எந்த இடம் என்று சொல்லாது. அதைச் சொல்லவேண்டிய வேலை ரேடியோவுக்கு.

அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் உட்பட அமெரிக்கக் கடற்படை ஜூலை 19 வரை தேடியது. விமானமும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. நாற்பதாவது பிறந்தநாளுக்கு அமேலியாவுக்கு மூன்று வாரம் பாக்கி இருந்தது. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

நமக்கு என்ன?

இவரைப் பற்றி எத்தனையோ கதைகள் சுற்றுகின்றன. யூடியூபில் தேடினால் ஒரு செமஸ்டர் போதாது. அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசிங்க. 1932-இல் உயரமானி போய், புகைக்குழாய் எரிந்து, இறக்கையில் பனி படிந்தும் அவர் கரை சேர்ந்தார். ஏன்? எதிரே இருந்தது ஒரு கண்டம். எங்கே போய் முட்டினாலும் நிலம்தான். 1937-இல் எஞ்சின் ஓடியது, விமானி அனுபவசாலி, நேவிகேட்டர் கெட்டிக்காரர். ஆனால் எதிரே இருந்தது இரண்டரை கி.மீ. தீவு. தப்புக்கு இடமே இல்லாத ஒரு வேலையில், சோதனையில் தேறாத ஒரே ஒரு கருவியை நம்பிப் போனார்கள். துணிச்சல் ஈடுகட்டும் இடமும் இருக்கு, ஈடுகட்டாத இடமும் இருக்கு. ரேடியோ அந்த இரண்டாவது வகை.

அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஊருக்குத் தெரியாத நேரத்திலேயே, தான் வெறும் மூட்டைதான் என்று ஒத்துக்கொண்டு, அடுத்த நாலு வருஷத்தில் அதை மாற்றிக் காட்டியவர் அவர். கடைசிப் பயணத்திலும் அவருக்கு மட்டும் ஆபத்து இல்லை. நூனனின் உயிரும் அதே தொட்டியில் மிச்சம் இருந்த எரிபொருளில்தான் தொங்கியது. அவர் பெயரையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

லேயின் பழைய ஓடுபாதை இன்றைக்குப் பயன்பாட்டில் இல்லை. விமானங்கள் தள்ளி இருக்கிற நாட்ஸாபில் இறங்குகின்றன. ஹவ்லண்டில் மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை, அது கடல்பறவைகளின் சரணாலயம். அமேலியாவின் நினைவாக எழுப்பிய ஒரு பகல்நேரக் குறிக்கோபுரம் மட்டும் அங்கே இருக்கிறது. ஹார்பர் கிரேஸில் அந்தப் புல் ஓடுபாதையை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற தோழிகளுக்கு ஒரு தகவல். அமேலியா உறுப்பினராக இருந்த ஜோன்டா என்ற அமைப்பு, 1938 முதல் அவர் பெயரில் ஒரு உதவித்தொகை வழங்கி வருகிறது. விண்வெளி, விமானப் பொறியியலில் முனைவர் பட்டம் படிக்கிற பெண்களுக்கானது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஏரோ பிரிவில் இருக்கிறவங்க குறித்து வைத்துக்கொள்ளுங்க.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். லே 6.7 பாகை தெற்கு, 147 பாகை கிழக்கு. ஹவ்லண்ட் 0.8 பாகை வடக்கு, 176.6 பாகை மேற்கு. ஹாவர்சைனில் போட்டுத் தூரத்தை எடுங்க. 240-ஆல் வகுங்க. அப்புறம் எதிர்காற்று 10, 20, 30, 40 என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்க. விடை மெல்ல மெல்ல நீளும். இருபது மணி நேரத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அந்த விமானத்துக்குள் இருந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்க.